கணக்கு அலுவலகத்தில் ஒரு தியான வகுப்பு



பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்நேரம் வழியில் இருப்பீர்கள். பிறைத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இப்படிப்பட்டவர்களிடம் தியானம் என்று சொன்னால், "அதற்கெல்லாம் எங்கே நேரம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. அதனால் இன்று துறவி ஒருவரைப் பற்றி அல்ல, அலுவலக ஊழியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊ பா கின் பர்மாக்காரர். ரங்கூனில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1937-இல் ரங்கூன் ஆற்றைக் கடந்து அக்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே அவருக்குத் தியானம் சொல்லிக் கொடுத்த சாயா தெட்ஜி ஒரு விவசாயி. குருவும் குடும்பஸ்தர், சீடரும் குடும்பஸ்தர். பர்மா விடுதலை பெற்ற 1948-இல் ஊ பா கின் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். அத்தனை பொறுப்புக்கு நடுவிலும், தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கினார்.

அவரிடம் 1955-இல் வந்தவர் மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் எஸ்.என். கோயங்கா. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி அவருக்கு. வர மிகவும் தயங்கினார். இந்துக் குடும்பத்தில் பிறந்தவன் பௌத்தரிடம் போய்ப் படிக்கலாமா என்ற கவலை. நம் வீடுகளிலும் அந்தக் கவலை உண்டு. மூச்சைக் கவனிக்க எந்த மதத்தையும் விட வேண்டியதில்லை என்பதைப் பயிற்சியிலேயே அவர் கண்டுகொண்டார். 1969-இல் இந்தியாவுக்கு வந்து அந்தப் பயிற்சியைப் பரப்பினார்.

சரி, செய்வது எப்படி? முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனியுங்கள். பிராணாயாமம் போல இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். அது தன்போக்கில் வரட்டும். சில நொடிகளுக்குள் மனம் கார்த் தவணைக்குப் போய்விடும், நேற்று வாங்கிய ஏச்சுக்குப் போய்விடும். பலர் இந்த இடத்தில்தான், "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். மனம் ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டீர்களே, அந்தத் தெரிதலே பயிற்சி. உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூச்சுக்கு வாருங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்புங்கள். எடை தூக்கத் தூக்கத்தான் கை உரம் பெறும். மனமும் திரும்பத் திரும்பத்தான் பழகும்.

இரவு வேலை முடித்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே தூக்கம் வரும். அவர்கள் நடக்கலாம். வீட்டு முன்வாசலில் மெதுவாக நடந்து, பாதம் எழுவதையும் தரையில் பதிவதையும் கவனித்தால் போதும். வண்டி ஓட்டும்போது மட்டும் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்போது சாலைதான் உங்கள் தியானம்.

இதன் பலனை உட்கார்ந்திருக்கும்போது தேடாதீர்கள். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மைலோவைச் சீருடையில் கொட்டிவிடும். உங்கள் நெஞ்சு சூடாகும், தாடை இறுகும். பழகிய மனம் கை ஓங்குவதற்கு முன்பே அந்தச் சூட்டைப் பார்த்துவிடும். ஒரு மூச்சு விடும் நேரம் கிடைத்தால் அடி விழாது. ஒரு வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் நாள்பட்ட வலியால் வாடிய நோயாளிகளுக்கு இத்தகைய பயிற்சியைக் கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவத்தோடு சேர்த்துத்தான் கற்பித்தார். ஆகவே உறக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

முறையாகக் கற்க விரும்புவோருக்குப் பகாங் மாநிலத்தின் காம்பாங்கில் கோயங்கா மரபில் வந்த தம்ம மலாயா மையம் இருக்கிறது. 10 நாள் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. அத்தனை நாள் லீவு கிடைக்காதவர்கள், நாளைக் காலையில் கைப்பேசியை எடுப்பதற்கு முன் 10 நிமிடம் உட்காருங்கள்.