போதும் என்பதற்கு நிரூபணம்

அதிகமாக மருந்து கொடுத்துத் தோற்ற டாக்டரை நாம் மன்னித்துவிடுகிறோம். முடிந்ததையெல்லாம் செய்தார் என்கிறோம். குறைவாகக் கொடுத்துத் தோற்றவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தப் பாரபட்சம் தார்மீகமானதுதானா என்பதே என் கேள்வி. தோல் புற்றுக் கட்டிகளுக்கான ஒரு சிகிச்சை இதைத் தெளிவாக முன்வைக்கிறது.

ப்ளியோமைசின் என்ற மருந்து செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அதன் டி.என்.ஏ.யைத் துண்டிக்கும். ஆனால் செல்லின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. மருந்தை ரத்தத்தில் ஏற்றியபின், கட்டியில் எட்டு மின்துடிப்புகளைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். சவ்வு சற்று நேரம் இளகி மருந்துக்கு வழிவிடுகிறது. பிரான்சில் லூயிஸ் மீரும் சகாக்களும் நோயாளிகளிடம் கண்ட முதல் முடிவுகளை 1991இல் வெளியிட்டார்கள். 2006இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்த நடைமுறை, ரத்தத்தில் ஏற்றும் அளவை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 15,000 அலகு என்று நிறுவியது.

வங்கியில் பகல் முழுவதும் எண்களோடு இருப்பவன் நான். ஒரு எண் விதியாகிவிட்டால் அதை யாரும் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை என்பதை அறிவேன். ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகர டாக்டர்கள் கூட்டிப் பார்த்தார்கள். முதியவர்களின் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது; அப்படியானால் 10,000 அலகு போதாதா? சிறு எண்ணிக்கையிலான முதியவர்களிடம் சோதித்து, அந்த அளவிலும் கட்டிகள் மறைந்ததை 2010களின் பிற்பகுதியில் எழுதினார்கள்.

சங்கடம் இங்கேதான். குறைந்த அளவு போதாமல் போனால் கட்டி திரும்பும். மூக்கின் ஓரத்திலோ காது மடலிலோ எல்லோரும் பார்க்க வளரும். இந்த மருந்து உடலில் சேரச் சேர நுரையீரலைத் தழும்பாக்கவும் கூடும். அந்த நஷ்டம் தாமதமாக, மூச்சுத் திணறலாக வரும்; அதற்கு வயோதிகம் என்று பெயர் வைத்துவிட முடியும். ஒரு நஷ்டத்துக்குச் சாட்சி உண்டு, மற்றதற்கு இல்லை. நிரூபணத்தின் பாரம் முழுவதும் குறைவின் தலையில் விழுவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. சோதனைக்கு முதியவர்களைத் தேர்ந்தது பரிவா, அவர்களுக்கு மிச்சமுள்ள காலம் சொற்பம் என்ற கணக்கா? காரணம் அவர்கள் உடல் மருந்தைக் கழிக்கும் விதத்தில் இருக்கும்வரை அது பரிவு. மிச்சமுள்ள ஆண்டுகளை எண்ணிக் குறைத்திருந்தால் அதே 10,000 அலட்சியமாகிவிடும். எண் மாறுவதில்லை, அறம் மாறிவிடுகிறது. ஆகவே அளவை மட்டுமல்ல, குறைத்ததன் காரணத்தையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

குறைவிடம் நிரூபணம் கேட்பது தவறல்ல. அதிகத்திடமும் அதையே கேட்க வேண்டும். திரும்பி வந்த கட்டியும் தழும்பேறிய நுரையீரலும் ஒரே பேரேட்டில் பதிவாக வேண்டும்.