களிம்பும் காசும்

செம்பில் களிம்பு எப்போது வந்தது என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தின் பதில்: வரவில்லை, என்றும் இருந்தது. ஆன்மாவை ஆணவம் பற்றியிருப்பதற்கு நெல்லின் உமி ஒரு உதாரணம், செம்பின் களிம்பு இன்னொன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இருந்த திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து சற்று மேற்கே, திருக்கோயிலூரில், பெண்ணையாற்று மணலில்தான் மலையமான்களின் செம்புக் காசுகள் அகப்படுகின்றன. உதாரணத்துக்குச் சித்தாந்திகள் வெகுதூரம் போயிருக்க வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் ஒரு நண்பரிடம் அப்படிப்பட்ட காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும் போன்ற கோடுகள். எழுத்து இருக்கலாம் என்று அவர் நம்புகிற இடத்தில் கரும்பச்சை அடை. விளிம்பில் வெளிர்பச்சைப் பொடி. பழங்காசுகளைச் சுத்தம் செய்து தருகிறவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வருஷமாக யோசிக்கிறார். விலையைப் பற்றிய யோசனை மட்டும் என்றால் இதை எழுத வேண்டியதில்லை.

பச்சை பூத்த செம்பு நம் வீடுகளில் அசிங்கம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பதுதான் மரியாதை. உற்சவ மூர்த்தியையும் அப்படித்தான் தேய்க்கிறோம். மூக்கு மழுங்கினாலும் யாரும் அதைச் சேதம் என்பதில்லை, ஏனென்றால் அந்த உடம்பு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. களிம்பை அழகாகப் பார்ப்பது மியூஸியம் தந்த கண். அதனாலேயே அது பொய்யாகிவிடாது. பாத்திரத்தின் நியாயம், புழக்கம் செத்த காசிடம் செல்லாது.

ஆனால் களிம்பு என்று ஒரே சொல்லால் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கரும்பச்சை அடை பெரும்பாலும் அடங்கிப்போன ஒன்று. உள்ளிருக்கும் செம்புக்கு அது ஒரு தோல். வெளிர்பச்சைப் பொடி அப்படியல்ல. உள்ளே புகுந்த குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பைத் தின்கிறது. தின்றதிலிருந்து மறுபடி அமிலம். ஐப்பசி ஈரம் இதற்குத் தாராளம். இங்கே ‘இருக்கிறபடி இருக்கட்டும்’ என்பது பழமைக்குக் காட்டும் மதிப்பு இல்லை, வேடிக்கை பார்ப்பது. சென்னை மியூஸியத்தில் 1930இல் ரசாயனச் சோதனைச்சாலை தொடங்கியதும், அங்கே பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலப் படிமங்களைக் காப்பாற்ற முனைந்ததும் இந்த அரிப்பை எதிர்த்துத்தான்.

பொடியை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சங்கடம் எழுத்தில் இருக்கிறது. இரா. கிருஷ்ணமூர்த்தி 1984இல் பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசைக் கண்டறிந்தபின் சங்ககால அரசர்கள் வெறும் பாட்டிலிருந்து உலோகத்துக்கு வந்தார்கள். மண்ணிலும் மணலிலும் கிடந்த காசுகளை யாரும் தொடவே இல்லை என்றால் இப்படிப்பட்ட எழுத்துகள் எத்தனை நம் கண்ணில் பட்டிருக்கும்? களிம்பின் புனிதம் பேசுகிற பண்டிதர்களும் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது படிக்க முடிந்த காசுகளைத்தான்.

எதிர்ப்பக்கத்து உண்மை இன்னும் கடுமையானது. நன்றாக அரித்துப்போன காசில் எழுத்து செம்பில் இருப்பதில்லை. பழைய மேற்பரப்பு முழுவதும் களிம்பாக மாறியிருக்கும். எழுத்தின் மேடுபள்ளத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது களிம்புதான். அடை முழுவதையும் எடுத்தால் அடியில் மிஞ்சுவது ஊமைச் செம்பு. சித்தாந்த உவமை இங்கே உடைகிறது. அதில் களிம்பு மறைப்பது, செம்பு மறைக்கப்பட்டது. இந்தக் காசில் மறைப்பதும் காட்டுவதும் ஒரே பொருள். நன்கு பழகிய கை பூதக்கண்ணாடியின் அடியில் ஊசியால் அந்தப் பழைய பரப்புவரை மட்டும் போய் நிற்க முடியும். நிற்கத் தெரியாத கையே அதிகம். அமிலத்தில் போட்டு எடுப்பவர்களுக்கோ நிற்கும் இடமே கிடையாது.

ஆகவே நான் சொன்னது: பொடியை நீக்கச் செய்து, குளோரைடு கரைய சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறட்டும். அதுவும் நிறத்தைக் கொஞ்சம் மாற்றத்தான் செய்யும். அந்த நஷ்டத்தை ஏற்கலாம். பிறகு ஈரம் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கட்டும். கரும்பச்சையைத் தொடவேண்டாம். பின்னால் வருகிறவர்கள் தொடாமலே படிக்கக்கூடும்.

“பின்னால வர்றவங்க படிப்பாங்க சார். எனக்கு எழுபத்திரண்டு ஆவுது” என்றார். இதைப் பேராசை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. காசு இன்னும் அவர் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. பொடிக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.