இரவில் உண்ணாதவர் இரவில் புகைக்கலாமா?

என் உறவினருள் ஒருவர், திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரினின்று இளமையிலேயே பிழைப்பு நாடிச் சென்னைக்கு வந்தவர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். இரவு ஷிப்டுக்குச் செல்லும் நாட்களில் பொழுது சாயுமுன் உண்டுவிட்டே புறப்படுவார். உடன் பணியாற்றுவோர் எவ்வளவு வற்புறுத்தினும் இரவில் ஒரு பிடி சோறும் உட்கொள்ளார். பகலிலும் வடிகட்டிய நீரையே அருந்துவார். ஆனால் விடிவதற்குள் ஆறேழு சிகரெட்டுகள் அவர் விரலிடையே எரிந்து தீர்ந்திருக்கும்.

ஒருநாள் அவருடைய பேத்தி, "தாத்தா, விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் உணவில் விழுந்து சாகும் என்றுதானே நீங்கள் இரவில் உண்பதில்லை? நீங்கள் பற்றவைக்கும் நெருப்பில் மட்டும் உயிர் சாகாதா?" என்று கேட்டாள். அவர் விடை கூறவில்லை. பின்னர் என்னிடம் தம் பக்கத்து நியாயங்களைச் சொன்னார். அவை அவர் ஒருவருடைய நியாயங்கள் அல்ல. நம்மவர் பலரும் மனத்துள் வைத்திருப்பவையே. ஆதலின் அவற்றை இங்கு ஒவ்வொன்றாக ஆராய்தல் நலம்.

முதல் நியாயம்: "கள், ஊன், தேன் ஆகியவற்றை நம் நூல்கள் விலக்கின. புகையிலையை எந்த நூல் விலக்கிற்று?"

உண்மைதான். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரசவையை எட்டியது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகம் இயற்றியதும், அதன் வழியில் தமிழில் அருங்கலச்செப்பு தோன்றியதும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னராகும். அறியாத பொருளை ஆசான்கள் பெயர் சொல்லி விலக்க இயலுமோ? அவர்கள் நமக்குத் தந்தது வெறும் பட்டியலன்று, அளவுகோல். பயனேதும் இன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்வதை அனர்த்த தண்டம் என்று பெயரிட்டு, அதனின்று விலகுதலை இல்லறத்தார்க்கு ஒரு விரதமாகவே வகுத்தனர். சமைக்க மூட்டும் தீயில் உயிர்கள் மடியினும் அத்தீ பசியைத் தீர்க்கிறது. சிகரெட்டு மூட்டும் தீ எப்பசியைத் தீர்க்கிறது? தானே உண்டாக்கிய வேட்கையைத் தானே சிறிது நேரம் தணிக்கிறது; அவ்வளவே. புகையிலையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறைந்ததும் மனம் மீண்டும் கேட்கிறது. தீயுடல் உயிரையும் காற்றுடல் உயிரையும் எண்ணி அஞ்சும் சமயத்தில் பிறந்தவர்க்கு இதனினும் தெளிவான அனர்த்த தண்டம் வேறில்லை.

இரண்டாம் நியாயம் வடசென்னைக்கே உரியது: "இங்கு வீசும் காற்றே புகைதான். ஆலைப் புகையைக் கேட்பாரில்லை. என் ஒரு சிகரெட்டையா கேட்கிறீர்கள்?"

இதில் உள்ள வேதனையை நாம் எள்ளி நகையாடல் ஆகாது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை அப்பகுதியின் வானில் நிலக்கரிப் புகையைக் கலந்தது. அது மூடப்பட்ட பின்னரும் வடசென்னை அனல் மின்நிலையமும் மணலித் தொழிலகங்களும் இயங்கியே வருகின்றன. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். அத்தகைய இடத்தில் வாழ்வோர்க்கு ஒரு சிகரெட்டு சிறியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் நம் ஆசான்கள் இம்சையை நான்காகப் பகுத்ததை இங்கு நினைவுகூர வேண்டும். சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்பன அவை. வீட்டு வேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் தீங்குகளை இல்லறத்தான் முற்றும் நீக்க இயலாது; குறைக்கவே இயலும். மனமறிந்து செய்யும் சங்கற்ப இம்சையையோ அவன் முற்றும் நீக்கியாக வேண்டும். ஆலைப் புகை நாம் வேண்டாமலே நம்மேல் வந்து படிவது. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தல் நம் கடமை. நாமே விலை கொடுத்து வாங்கி, நாமே கொளுத்தி, நாமே உள்ளிழுப்பது அதனோடு ஒப்பாகுமோ? ஊரார் நம் வீட்டில் குப்பை கொட்டுகின்றனர் என்பதற்காக நாமும் ஒரு கூடை கொட்டுவது முறையன்று. முன்னமே நலிந்த நெஞ்சுக்குத்தான் ஒரு சிகரெட்டும் பெருஞ்சுமையாகிறது.

இச்சுமைக்கு நம் மண்ணிலேயே எடுத்த கணக்கு உண்டு. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும், ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புகளை உயிருடனிருந்த 35,000 ஆண்களின் பழக்கங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மருத்துவர் கஜலட்சுமி குழுவினரின் இவ்வாய்வு 2003இல் லான்செட் இதழில் வெளிவந்தது. புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகையாதாரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் எனவும், ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தலே காரணம் எனவும் அது கண்டது. விழுப்புரத்துச் சிற்றூர்கள் நம் முன்னோர் வாழ்ந்த ஊர்கள். சென்னை நாம் குடியேறிய நகரம். ஆகவே அக்கணக்கு அயலார் கணக்கன்று.

மூன்றாம் நியாயம்: "இது என் உடம்பு. கேடு எனக்கு மட்டுந்தானே?"

இராயபுரத்துச் சந்துகளில் ஓரறை வீட்டில் வாழ்வோர்க்கு இந்நியாயம் செல்லாது. கணவர் விடும் புகையை மனைவியும் மக்களும் சுவாசிக்கின்றனர். நாடும் இவ்வுண்மையைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. ஒருகாலத்தில் பேருந்திலும் திரையரங்கிலும் மருத்துவமனை வராந்தாவிலும் புகைத்தல் இயல்பாக இருந்தது. புகைக்காதவரே எழுந்து விலகிப்போக வேண்டியிருந்தது. முரளி தேவரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில், புகையாதவன் பிறர் புகையால் ஏன் சாக வேண்டும் என்னும் கருத்துப்பட வினவி, பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2003இல் மையச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்தநாளன்று, பொது இடத் தடை விரிவான விதிகளோடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தெருவைக் காக்கும். வீட்டினுள் அது நுழையாது. அங்கே காக்க வேண்டியது விரதமே.

என் உறவினரின் துணைவியார் பல ஆண்டுகள் இருமிக்கொண்டிருந்தார். புகைதான் காரணமா என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவரும் ஒருநாளும் கணவரைக் குறை கூறியதில்லை. "அவள் சொல்லாததுதான் என்னை இன்று சுடுகிறது" என்றார் உறவினர்.

இனி, விடுதல் எங்ஙனம்? "இன்றோடு விட்டேன்" என்று அவர் மும்முறை சூளுரைத்து மும்முறையும் தவறினார். ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் வெட்கத்தால் முன்னினும் மிகுதியாகப் புகைத்தார். நான்காம் முறை, தசலட்சணப் பருவத்துப் பத்து நாட்களுக்கு மட்டும் என்று நோன்பு கொண்டார். இது குறுக்கு வழியன்று. வாழ்நாள் முழுவதும் கொள்வதை யமம் என்றும், ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் கால எல்லை வைத்துக் கொள்வதை நியமம் என்றும் இரத்தினகரண்டகமே இருவகையாகக் கூறுகிறது. மனித மனத்தின் வலிமையையும் மெலிவையும் அறிந்து வகுத்த வழி அது.

முதல் நான்கு நாட்கள் உறக்கமின்மையும் சினமும் கைந்நடுக்கமும் அவரை வாட்டின. மருத்துவ நூலும் அங்ஙனமே கூறும்: முதற்சில நாட்களே கடுமை, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். எழும் ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். இதனை அவர் நம் தத்துவத்தின் மொழியிலே புரிந்துகொண்டார். "வினை உதயமாகிறது. அதற்கு இரை கொடுத்தால் புதிய வினை ஊறுகிறது. கொடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவாகவே உதிர்கிறது. செறிப்பும் உதிர்ப்பும் ஏட்டில் படித்தவை, இப்போதுதான் நெஞ்சில் கண்டேன்" என்றார். பத்து நாள் முடிந்ததும் மேலும் பத்து நாள், பின்னர் ஒரு திங்கள் என நீட்டினார். இடையில் ஒருமுறை, நண்பர் ஒருவரின் சாவு வீட்டில் ஒன்றைப் புகைத்துவிட்டார். அதனை விரதம் அழிந்ததாகக் கருதாமல் அதிசாரமாகக் கொண்டு, கழுவாய் செய்து மறுநாளே தொடர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 61.

அவ்வயதில் விட்டு என்ன பயன் என்பார்க்கும் விடையுண்டு. பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டுகள் பின்தொடர்ந்து, 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, 30 வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்நாளை மீட்கிறார். 60 வயதில் விட்டவரும் மூன்றாண்டுகளை மீட்கிறார். தனித்து விட இயலாதவர் மருத்துவரை நாடுவதில் இழுக்கில்லை. நடுவணரசின் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இதற்கெனவே 2016 முதல் உள்ளது.

இறுதியாக, புகையாத நமக்கும் ஒரு கடமை உண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று அழிந்தாரை நிறுத்தல். வழுவியவரை ஏளனம் செய்து விரட்டுவதால் அவர் மறைவிடம் தேடுவாரேயன்றித் திருந்தார். கை கொடுத்து நிறுத்துவதே அறம். அவ்வாறே, புகைக்கும் விருந்தினர்க்குச் சிகரெட்டு வாங்கி வைத்தலும், கடைக்குப் பிள்ளைகளை அனுப்பி வாங்கிவரச் செய்தலும், அங்காடி வைத்திருப்போர் ஆதாயம் கருதி அதனை விற்றலும், தீங்கு செய்யும் கருவியைப் பிறர்க்கு ஈயும் இம்சாதானம் ஆகும் என்பதையும் உணர்வோமாக.

இரவுண்ணாமை நம் குலத்தின் அணிகலன். அதன் உட்பொருள் இரவுமன்று, உணவுமன்று; உயிர்கள்மேல் கொண்ட அருளே. அவ்வருளைத் தம்முயிர்க்கும் தம் மனையார் உயிர்க்கும் காட்டாது விடுதல் தகுமோ? புகைக்கும் அன்பர்கள் வரும் சதுர்த்தசி ஒருநாளேனும் நியமமாகக் கொண்டு பார்க்க வேண்டுகிறேன்.

அறம் வளர்க!