யூத மறைஞானத்தில் மறுபிறப்பும் மானுடத் துன்பமும் – ஓர் அறவியல் நோக்கு

நல்லோர் துன்புறுவதற்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு மறுபிறப்பினை விடையாகக் கூறுதல் இந்தியச் சமயங்களுக்கே உரியதெனக் கருதப்படுவதுண்டு. யூத மறைஞான மரபாகிய கபாலாவும் இவ்விடையைக் கூறியுள்ளமை நோக்கத்தக்கது. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதரேயன்றிப் பிற சமயத்தாரும் விளக்கேற்றி வழிபடும் நெகெமியா மோத்தாவின் கல்லறை உள்ளது. அதன் கல்வெட்டு அவரைக் கபாலா அறிஞர் எனச் சுட்டுகின்றது. இம்மரபு தென்னிந்தியக் கரையை எட்டியமையை இதனால் அறியலாம்.

யூதர் அனைவரும் மறுபிறப்பினை ஏற்றனர் எனல் பொருந்தாது. 10ஆம் நூற்றாண்டினரான சாதியா காவோன் அதனை மறுத்தார். குற்றமற்ற குழந்தைகளின் துன்பத்திற்கு மறுமையில் ஈடு கிட்டும் என்றார். 12ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட 'பாகிர்' என்னும் நூலோ, நல்லவன் முற்பிறப்பில் தீயவனாக இருந்திருத்தல் கூடும் என விடையிறுத்தது. 'கில்குல்' எனப்படும் இக்கோட்பாட்டினைச் சாபேத் நகரில் வாழ்ந்த ஈசாக் லூரியா (1534–1572) விரிவுபடுத்தினார். 613 கட்டளைகளுள் நிறைவேறாதவற்றை நிறைவு செய்யவே உயிர் மீள்கின்றது என்பது அவர் மரபு. ஆகவே, பிறவி தண்டனை மட்டுமன்று. 'திக்குன்' எனப்படும் சீரமைப்புமாகும்.

இவ்விரு கூறுகளுள் தண்டனையை மட்டும் வலியுறுத்தின் அறச்சிக்கல் எழுகின்றது. 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் முன்னாள் தலைமை ரபி ஓவாதியா யோசெப், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களை முற்பிறப்பில் பாவம் செய்த உயிர்கள் எனக் குறித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. துன்புற்றவரையே குற்றவாளியாக்கும் விளக்கம், துன்பம் இழைத்தவனை மறைத்துவிடுகின்றது என்பதே எதிர்ப்பின் சாரம் எனலாம்.

இச்சிக்கலைச் சிலப்பதிகாரம் வேறு வகையில் கையாள்கின்றது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த செய்தியைக் கட்டுரை காதையில் மதுராபதி கண்ணகிக்கு உரைக்கின்றாள். எனினும், வழக்குரை காதையில் நீதி கேட்கப்பெற்று, பாண்டியன் தன் பிழையுணர்ந்து உயிர்நீத்த பின்னரே அவ்விளக்கம் வருகின்றது. ஊழ்வினை கோவலனின் முடிவிற்குக் காரணம் காட்டுகின்றது. அரசனின் பொறுப்பினை நீக்கவில்லை. காரணமும் பொறுப்பும் வேறுவேறு என்பது இக்காப்பிய அமைப்பால் பெறப்படுகின்றது.

எனவே, மறுபிறப்புக் கோட்பாடு ஒருவர் தம் துன்பத்தைத் தாங்கவும், செய்யவேண்டிய கடமையை உணரவும் துணைசெய்யலாம். பிறர் துன்பத்திற்குத் தீர்ப்பு வழங்கும் கருவியாக அது மாறுமிடத்து அறத்தினின்றும் வழுவுகின்றது. வினையை அறிவிக்கும் முன் வழக்கைக் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வொப்பீட்டின்வழிப் பெறப்படும் முடிபாகும்.