நாள் குறிப்பவரின் கடமை

நல்ல நேரம் என்று ஒன்று உண்மையில் உண்டா? உண்டு என்போர் ராகு காலம், எமகண்டம் பார்த்து நாள் குறிக்கிறார்கள். இல்லை என்போர் எல்லா நேரமும் ஒன்றுதான் என்கிறார்கள். நேரம் நல்லதானாலும் கெட்டதானாலும் அந்தக் குணம் நேரத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொது. அதைத்தான் நான் ஏற்கவில்லை. செய்பவரின் ஆயத்தமும் பெறுபவரின் நிலையும் கூடிவரும்போதுதான் ஒரு நேரம் நல்ல நேரமாகிறது. இன்று நாம் படிக்கும் திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. வலிமையையும் இடத்தையும் விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் அறிந்துவிட முடியாது என்பதை இந்த வரிசையே உணர்த்துகிறது.

அந்தமானின் வண்டூர் படகுத்துறையில் இது அன்றாட நடைமுறை. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு இங்கிருந்துதான் படகுகள் புறப்படுகின்றன. ஆண்டின் ஒரு பகுதியில் ஜாலி பாய் தீவுக்குப் போகலாம். மழைக்காலம் நெருங்கியதும் அது மூடப்பட்டு, ரெட் ஸ்கின் தீவு திறக்கிறது. பயணி எப்போது சீட்டு வாங்கத் தயார் என்பது மட்டும் அங்கே கேள்வியல்ல. கடலின் போக்கையும், கண்ணாடித் தளப் படகின் கீழே தெரியும் பவளத்துக்கு வேண்டிய ஓய்வையும் பார்த்துத்தான் நாள் முடிவாகிறது. ஒரே தேதி ஒரு தீவுக்கு வரவேற்கும் காலம், இன்னொரு தீவுக்கு ஓய்வுக் காலம்.

வணிகத்தில் இதற்கு நேர்மாறாக நடந்ததற்கு நின்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி சான்று. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம் காட்டும் திரை அதன் பெருமை. 2011 மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்குள் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. சொன்னபடியே பிப்ரவரி 26இல் ஜப்பானிலும், மார்ச் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியிட்டது. 2010 கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அது பிந்திவிட்டது. தன் சொந்த விளையாட்டுகளுக்கோ முந்திவிட்டது. அதன் இணையக் கடையே ஜூனில்தான் திறந்தது. அதன் புகழ்பெற்ற ஜெல்டா விளையாட்டு வந்ததும் ஜூனில்தான். பெரிய மரியோ விளையாட்டுகள் இரண்டும் நவம்பர், டிசம்பரில்தான் வந்தன. இடையில் விற்பனை படுத்துவிட்டது. ஆறு மாதம் ஆவதற்குள், ஆகஸ்டில், அமெரிக்க விலை 249.99 டாலரிலிருந்து 169.99 டாலருக்கு இறங்கியது. ஆண்டு முடிவதற்குள் தலைநிமிர்ந்த அதே கருவி, கடைசியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது. கருவி மாறவில்லை, அதற்கு வேண்டியவை வந்து சேர்ந்தன. இதிலும் இடத்துக்கு இடம் காலம் வேறு: சென்னையிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள் அந்தமானுக்குத் தொடங்கிவைக்கப்பட்டதே 2020 ஆகஸ்ட் 10இல். இணையக் கடையை நம்பிய ஒரு கருவிக்கு வண்டூரின் காலமும் நின்டெண்டோவின் ஊரான கியோட்டோவின் காலமும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

தவறு விலையில்தான், காலத்தில் அல்ல என்று மறுக்கலாம். விலைக் குறைப்பு உதவியது உண்மை. ஆனால் விளையாட ஒன்றும் போதாத நாளில் கேட்கப்படும் விலையும், மரியோவும் கடையும் சேர்ந்து கிடைக்கும் நாளில் கேட்கப்படும் விலையும் வாங்குபவருக்கு ஒன்றல்ல. காத்திருந்தால் போட்டியாளர் முந்தியிருப்பார் என்பதும் நியாயமான அச்சமே. காலம் கடத்துவதும் குற்றம்தான். ஆனால் எதிர்பார்த்த பெரிய போட்டியான சோனியின் வீட்டா கையடக்கக் கருவி ஜப்பானில் வெளியானது அந்த ஆண்டு டிசம்பர் 17இல்தான். எல்லாம் ஊழ் என்பவர் மார்ச் 11இல் ஜப்பானைத் தாக்கிய பூகம்பத்தையும் சுனாமியையும் காட்டலாம். 2004இல் அதே கொடுமையைக் கண்ட வண்டூருக்கு ஊழின் வலிமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பூகம்பம் வரும் நாளை முன்கூட்டி அறிய முடியாது; கடை திறக்கவில்லை, விளையாட்டு முடியவில்லை என்பதைத் தயாரித்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். ஊழுக்கு இடம்விடுவது வேறு, அறிந்ததை ஊழின் கணக்கில் எழுதுவது வேறு.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்கிறதே, அப்படியிருக்கக் காலம் பார்ப்பது எதற்கு என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் ஆழமானது. என் பலன்மீது எனக்குப் பற்று வேண்டாம், சரி. ஆனால் என் செயலின் விளைவு என்னோடு நிற்பதில்லை. முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்கள்தான் அந்த அவசரத்தின் சுமையைத் தாங்கினார்கள். நிறுவனமே இதை உணர்ந்தது. தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முதலில் வாங்கியவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. கடன்பட்டதாக உணர்கிறவர்தான் ஈடு செய்வார். ஆகவே காலமறிதல் வெற்றிக்கான சூழ்ச்சி மட்டுமல்ல, பெறுபவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. கணக்குப் புத்தகம் முடியும் நாளையோ பஞ்சாங்கம் காட்டும் நாளையோ பார்த்து அந்தக் கடமையைத் தீர்த்துவிட முடியாது. கொடுப்பது முழுமையாகும்வரை பொறுத்திருப்பதும், முழுமையானபின் ஒரு நாளும் தாமதிக்காததும்தான் நாள் குறிக்கும் உரிமை பெற்றவரின் அறம்.