சோம்பலா? சோகையா?

சோம்பேறி! எத்துணை எளிதாக வீசப்படுகிறது இந்தச் சொல்! வீட்டிலே மாமியார் மருமகளை நோக்கி வீசுகிறார். வகுப்பிலே ஆசிரியர் மாணவியை நோக்கி வீசுகிறார். வயலிலே, பட்டறையிலே, அலுவலகத்திலே மேலாள் கீழாளை நோக்கி வீசுகிறான். வீசியவர், தம் கடமை அத்துடன் முடிந்ததென எண்ணி அகன்றுவிடுகிறார். வீசப்பட்டவரோ, தாம் உண்மையிலேயே தாழ்ந்த பிறவிதாமோ என்ற ஐயத்தையும் சுமந்துகொண்டு, ஏற்கெனவே தளர்ந்த கால்களை மேலும் இழுத்துக்கொண்டு நடக்கிறார்.

நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. ஓயாத களைப்பிலே ஒருவர் உழல்கிறார் என்றால், அது அவர் குணத்தின் குறையா, குருதியின் குறையா? எந்தக் குறை என்று அறியாமலே தீர்ப்புக் கூறும் உரிமையை நமக்கு வழங்கியவர் யார்?

நீதியின் அடிப்படை எதுவென எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒருவன் மீது குற்றம் சுமத்துமுன் ஒன்று நிலைநாட்டப்படவேண்டும்: வேறுவிதமாக நடக்க அவனால் முடிந்தது, முடிந்தும் நடக்கவில்லை என்பது. கால் முறிந்தவனை ஓடவில்லை என்று கடிபவன் கொடியவன் எனப்படுவான். கண்ணிழந்தவனைப் படிக்கவில்லை என்று பழிப்பவனைப் பித்தன் என்போம். முறிந்த கால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே இரக்கம் பிறக்கிறது. வெளுத்துப்போன குருதி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஏளனம் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததற்கு இரக்கம், தெரியாததற்கு ஏளனம் என்பது அறமாகுமா? அறியாமை அறத்தின் உடையை உடுத்திக்கொண்டு உலவுகிறது, அவ்வளவே!

உடலுக்குள்ளே நடப்பதென்ன? வளர்ந்த மனிதர் ஒருவர் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் மூன்று, நான்கு கிராம்தான் தேறும். ஒரு சிறு ஆணி செய்யலாம். அந்தச் சிற்றளவு இரும்பிலே பெரும்பகுதி, குருதிச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அமர்ந்து, மூச்சுக் காற்றின் ஆக்சிசனை ஏற்றிச் சென்று உடலெங்கும் இறக்குகிறது. இரும்பு குறைந்தால் ஏற்றுமதி குறையும். ஏற்றுமதி குறைந்தால் தசை தளரும், மூளை மந்தப்படும், படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். கருவுறாத பெண்ணுக்கு நூறு மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அதைக் குருதிச் சோகை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

சோகை வெளிப்படுமுன்னரே, உடலின் இரும்புக் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே களைப்பு தொடங்கிவிடலாம். காரணம் தெரியாத களைப்போடு, ஆனால் சோகை இல்லாத 144 பெண்களைச் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டனர். இரும்பு மாத்திரை உண்டவர்களின் களைப்பு நூற்றுக்கு 29 பங்கு குறைந்தது. மருந்தில்லாப் போலி மாத்திரை உண்டவர்களுக்கு 13 பங்கு குறைந்தது. போலி மாத்திரைக்கும் ஓரளவு ஆறுதல் தரும் ஆற்றல் உண்டென்பதை மறைக்காமல் காட்டி, அதற்கு மேலும் இரும்பு என்ன செய்தது என்பதை அளந்து சொல்வதுதான் அறிவியலின் நேர்மை!

இந்த அறிவு மாந்தனுக்கு எளிதில் வாய்த்ததா? இல்லை. களைத்தவரைப் பழித்த கதை நெடுங்கதை. உலகம் முழுதும் நடந்த கதை.

ஐரோப்பாவிலே இளம்பெண்கள் வெளுத்தனர், சோர்ந்தனர், மயங்கினர். 1554இல் ஜெர்மன் மருத்துவர் யோகான் லாங்கே இதற்குக் 'கன்னியர் நோய்' என்று பெயரிட்டார். மருந்து? திருமணம்! மணம் முடித்துக் கருவுற்றால் நோய் தீரும் என்றார். இரும்புக்கு ஏங்கிய உடலுக்கு மாப்பிள்ளை தேடினர்! கருவுற்றால் இரும்பின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது என்பதை இன்று அறிவோம். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் புளோ இரும்பு மாத்திரை தந்து, வெளுத்த முகங்களில் நிறம் திரும்பக் கண்டார். இடைப்பட்ட காலமெல்லாம் எத்தனை பெண்கள் தங்கள் கன்னிமைமீது சுமத்தப்பட்ட பழியைச் சுமந்தனரோ!

அமெரிக்கத் தென்பகுதியிலே இதைவிடக் கொடுமை. அடிமைகள் சுறுசுறுப்பின்றிக் கிடப்பதை ஒரு நோய் என்று 1851இல் எழுதினார், சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர். அவர் எழுதித் தந்த சிகிச்சையில் எண்ணெய் பூசி அகன்ற தோல் வாரால் அடிப்பதும், வெயிலிலே கடுமையாக வேலை வாங்குவதும் அடங்கும். சவுக்கை மருந்துச் சீட்டிலே எழுதிய அறிவாளியைப் பார்த்தீர்களா? அவன் உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது என்று கேட்கவில்லை. ஆண்டையின் கண்ணால் பார்க்கும் மருத்துவம் ஆண்டையின் கையால்தான் மருந்து தரும்!

அதே தென்பகுதியிலே, அடிமைமுறை ஒழிந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும், ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்றே நாடு நகைத்தது. 1902இல் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியல் அறிஞர், அங்கு பரவியிருந்த கொக்கிப் புழுவைத் தனியினம் என்று அறிவித்தார். வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, குடலிலே பற்றிக்கொண்டு, நாள்தோறும் குருதியை உறிஞ்சும் புழு அது. செய்தித்தாள்கள் 'சோம்பல் கிருமி' கண்டுபிடிக்கப்பட்டதென்று கேலி பேசின. கேலி அடங்கிற்று, வேலை தொடங்கிற்று. 1909இல் ராக்ஃபெல்லர் கொடுத்த பத்து இலட்சம் டாலரில் ஒரு குழு அமைந்து, பதினொரு மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் உடலிலே புழு! மருந்து கொடுத்தார்கள், கழிப்பிடம் கட்டச் சொன்னார்கள். புழு மிகுந்திருந்த வட்டாரங்களில் பின்னர் பள்ளிக்கு வருவோரும் எழுத்தறிந்தோரும் மற்ற வட்டாரங்களைவிட விரைவாகப் பெருகினர் என்று 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மந்தம் என்று பழிக்கப்பட்டது மண்டையிலே இல்லை, குடலிலே இருந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் கடுஞ்சோகையால் வாடுவதற்குக் காரணம் தேடினார். முன்வினையைத் தேடவில்லை; முற்றத்திலே வேகும் உணவைத் தேடினார். உணவிலே ஏதோ ஒன்று குறைகிறது, ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான சாறு அதை ஈடுசெய்கிறது என்று 1931இல் எழுதினார். அந்த 'ஏதோ ஒன்று' ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிந்தது. இரும்பு மட்டுமன்று, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை குறைந்தாலும் குருதி குன்றும், உடல் தளரும்.

இன்று நிலை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 53 பேருக்கு. ஆண்களிலோ நாடு முழுதும் நூற்றுக்கு 25 பேர். பெண்ணுக்கு ஏன் இரு மடங்குக்கு மேல்? மாதந்தோறும் குருதி இழக்கும் உடல் அவளுடையது. பிள்ளை பெறும் உடல் அவளுடையது. அது இயற்கை. ஆனால், இரும்பு அதிகம் வேண்டிய அந்த உடலுக்குக் குறைவாக உணவு கொடுப்பது இயற்கையா? கணவன் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், மாமனார் உண்டபின், சட்டியின் அடியிலே ஒட்டியிருப்பது அவளுக்கு. கீரையும் முட்டையும் மீனும் தட்டு மாறிப் போய்விடும். மிஞ்சுவது சோறும் ரசமும். வெள்ளிக்கு ஒரு விரதம், கணவனுக்கு ஒரு நோன்பு. உண்ட கையோடு குடிக்கும் காப்பியும் தேநீரும், உண்டதில் உள்ள இரும்பையும் உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். இத்தனைக்கும் பிறகு, பகலிலே அவள் கண்ணயர்ந்தால், 'விளக்கு வைக்கும் நேரத்திலே படுத்துக் கிடக்கிறாள், வீடு விளங்குமா?' என்று வசை! பள்ளிச் சிறுமி பச்சரிசியையும் மண்ணையும் தின்றால் அடி! மண் தின்னும் அந்த வேட்கையே இரும்புக் குறையின் அறிகுறியாக இருக்கலாம் என்று எத்தனை தாய்மார்க்குச் சொல்லியிருக்கிறோம்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "எல்லாவற்றுக்கும் உடலையே காரணம் காட்டினால், முயற்சி எங்கே? ஊக்கம் எங்கே? சோம்பேறி ஒவ்வொருவனும் சோகை என்று சொல்லித் தப்பிவிடுவானே! வள்ளுவரே மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுக்கவில்லையா?" என்பர். வகுத்தார், ஐயமில்லை. மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர் அவரே. நோயின் முதலைத் தேடிய பின் செயலில் இறங்கச் சொன்னவரும் அவரே. ஒன்றைப் படித்து மற்றொன்றை மறப்பது வள்ளுவருக்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று. முயற்சியை நாம் மறுக்கவில்லை. முயற்சிக்கும் முதல் வேண்டும் என்கிறோம். எண்ணெய் இல்லாத விளக்கைத் திரி தூண்டித் தூண்டி எரியவைக்க முடியுமா? தப்பிவிடுவான் என்ற அச்சமும் வேண்டா. விரல் நுனியிலே ஒரு சொட்டுக் குருதி உண்மையின் முதல் வரியைச் சொல்லிவிடும். சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் பழிப்பவர்தாம் உண்மையில் சோம்பேறி. அறிவைப் பயன்படுத்தச் சோம்புகிறவர்!

மறுபக்கம் ஒரு படுகுழியும் உண்டு. தலைவிதி என்றவர்களிடமிருந்து மீட்ட மக்களை 'டானிக்' விற்பவர்களிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. எல்லாக் களைப்பும் சத்துக் குறைவால் வருவதன்று. தைராய்டு குறைவு, நீரிழிவு, காசநோய், சிறுநீரகக் கோளாறு, உறக்கமின்மை, ஆறாத மனத்துயர், அளவுமீறிய உழைப்பு என்று காரணங்கள் பல. இரும்பே குறைந்திருந்தாலும், ஏன் குறைந்தது என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. ஆடவர்க்கும் முதியோர்க்கும் அது குடலில் மறைவாகக் குருதி கசிவதன் அடையாளமாகவும் இருக்கலாம். தேவையற்றவர் இரும்பை வாரி விழுங்கினால் தீங்கும் உண்டு. தாயத்தை நம்பியவன் சோதிக்காமல் புட்டியை நம்பினால், பொருள்தான் மாறிற்று, புத்தி மாறவில்லை.

இன்னொன்றையும் எண்ணவேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், மலையகத் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் அந்த மலைச்சரிவுகளில், சோகையுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்துக் கொடுத்து ஆராய்ந்த முடிவு 1979இல் வெளிவந்தது. ஒரு திங்களுக்குள் அவர்கள் அதிகக் கொழுந்து பறித்தனர். சோகை கடுமையாக இருந்தவர்களே அதிகம் முன்னேறினர். உழைக்க மனமில்லாதவர் என்று ஒருவரும் இனி அவர்களைப் பழிக்க முடியாது. மகிழ்கிறோம். ஆனால், கூடை நிறைந்ததுதான் மகிழ்ச்சிக்குக் காரணமா? மாட்டுக்குப் புல் போடுவது ஏர் இழுப்பதற்காக. மனிதனுக்குச் சத்தளிப்பதும் அதற்காகத்தானா? அந்தப் பெண்களுக்குப் பிறர் கூடையை நிரப்பும் வலிமை மட்டும் போதாது. மாலையிலே பிள்ளையைக் கொஞ்சவும், பாடவும், படிக்கவும், கூலி போதாது என்று நிமிர்ந்து கேட்கவும் வலிமை வேண்டும். களைப்பு பறிப்பது உழைப்பை மட்டுமன்று; சிந்தனையைப் பறிக்கிறது, சினத்தைப் பறிக்கிறது, உரிமைக் குரலைப் பறிக்கிறது. தளர்ந்த உடல் தலையாட்டப் பழகிவிடும்!

ஆகவே அறத்தின் முடிவு இது: அறிவு வளர வளரப் பொறுப்பு இடம் மாறுகிறது. காரணம் அறியாத காலத்திலே களைத்தவர்மீது சுமத்தப்பட்ட பொறுப்பு, காரணம் அறிந்த இன்று, தட்டிலே பரிமாறும் குடும்பத்துக்கும், கூலி கொடுக்கும் முதலாளிக்கும், மாத்திரையும் கழிப்பிடமும் வழங்கவேண்டிய அரசுக்கும் பங்கிடப்படுகிறது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே நண்பகல் உணவு தொடங்கிய நாளிலேயே இந்த நாடு அந்த உண்மைக்குத் தலைவணங்கிவிட்டது. பசித்த பிள்ளையை மக்கு என்று அடிக்காதே, சோறு போடு என்பதன்றி அதற்கு வேறு பொருள் என்ன? 2022இல் பள்ளிகளிலே காலை உணவு வந்ததும் அதே வழியில்தான். வயிற்றுப் பசிக்கு ஒப்புக்கொண்ட நீதியைக் குருதியின் பசிக்கும் ஒப்புக்கொள்ளச் செய்வதே எஞ்சியிருக்கும் வேலை.

இளைஞர்காள்! இந்த வேலை உங்களுடையது. பள்ளியிலே கொடுக்கும் இரும்பு மாத்திரையைச் சிறுமியர் வேலிக்கப்பால் வீசுகிறார்களா? மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, அஞ்சவேண்டா என்று எடுத்துரையுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பை உடல் எளிதில் ஏற்கும் என்று சொல்லுங்கள். ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டு வீடு திரும்பும்போது, அடுக்களையை எட்டிப் பாருங்கள். உங்கள் தாயும் தமக்கையும் எப்போது உண்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று பாருங்கள். சமத்துவம் மேடையிலே முழங்கினால் போதாது, பந்தியிலே அமரவேண்டும்!

'சோம்பேறி' என்ற சொல் நாவின் நுனிக்கு வரும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த ஒரு கணத்திலே 'சாப்பிட்டீர்களா? குருதியைச் சோதித்தீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். வசை சொல்ல ஆகும் நேரத்திலே கேள்வி கேட்டுவிடலாம். வசை எவரையும் எழுப்பியதில்லை. கேள்வியோ, எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பியிருக்கிறது!