கீழயும் மண்ணுதானே

சென்னையில் எங்கள் மொட்டைமாடித் தோட்டத்துக்காக இரண்டு வருடம் முன்பு செம்மண் வாங்கினேன். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பத்து கிலோ பையாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். விரலால் நொறுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த ஊரு மண்ணுடா?"

பையைத் திருப்பிப் பார்த்தேன். எடை, விலை, பேக் செய்த தேதி எல்லாம் இருந்தது. ஊர் இல்லை. யாரோ ஒருத்தருடைய வயலின் மேல்பகுதியாக இருக்கலாம் என்று தோன்றியது. அப்படி ஒரு வயலை எனக்குத் தெரியும்.

2006. எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, கட்டப் பணமில்லை. கடலூர் மாவட்டத்தில் எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். நிலத்தை விற்க அப்பாவுக்கு மனசு வரல. அதனால் மண்ணை விற்றார். செங்கல் சூளைக்காரர் அரை ஏக்கருக்கு, இரண்டடி ஆழத்துக்கு விலை பேசினார். நாலு நாள் ஜேசிபி ஓடியது. "இப்படி வெட்டிட்டா அப்புறம் என்னப்பா விளையும்?" என்று கேட்டேன். "கீழயும் மண்ணுதானடா இருக்கு" என்றார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே இருந்ததும் மண்தான், ஆனால் வேறு மண். மட்கு, வேர்கள், மண்புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் எல்லாம் நெருக்கமாகக் குடித்தனம் நடத்துவது மேலே உள்ள ஓர் அடிக்குள்தான். இலை தழையைப் பயிருக்கான சத்தாக மாற்றுவது இந்தக் கூட்டம். அடிமண்ணில் இது மிகக் குறைவு. அந்த வருட சம்பா அங்கே மட்டும் மஞ்சளாக நின்றது. பக்கத்து வயலைவிடப் பள்ளமாகிவிட்டதால் மழைத்தண்ணியும் வடியவில்லை.

சார்லஸ் டார்வின் 1842-ல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 வருடம் காத்திருந்து, 1871-ல் தோண்டிப் பார்த்தார். கற்கள் ஏழு அங்குலம் கீழே போயிருந்தன. மண்புழுக்கள் கீழ்மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து போட்டே அவற்றை மூடியிருந்தன. இது இருக்கிற மண்ணைப் புரட்டும் வேகம் மட்டும். புதிதாக ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல இடங்களில் நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. எங்கள் வயலில் இரண்டடி போக நாலு நாள் ஆனது.

அப்பா செய்தது தவறா? ரொம்ப நாளாக எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் அவருடையது. யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு சொத்தை இன்னொரு சொத்தாக மாற்றினார், அவ்வளவுதான். மண் போச்சு, படிப்பு வந்தது, என் சம்பளத்தில் குடும்பம் நிமிர்ந்தது. கணக்கு நேர்.

இந்தக் கணக்கில் ஓர் இடம் இடிக்கிறது. வரவு என் பெயரில். செலவு யார் பெயரில்? நூறு வருடம் கழித்து அந்த வயலில் நிற்கப்போகிறவர் இந்தப் பேரத்தில் கலந்துகொள்ளவே இல்லை. விளைவித்துக்கொள்ளும் உரிமையும் தீர்த்துவிடும் உரிமையும் ஒன்றல்ல. பட்டாவில் பெயர் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கும் நிலத்தை வள்ளுவர் பொறுமைக்கு உவமையாகச் சொன்னார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அழகாக இருந்த உவமை, இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. தப்பு வள்ளுவர் மேல் இல்லை. அவர் நம்மைப் பொறுமையாக இருக்கச் சொன்னார், தோண்ட அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் மறுக்க முடிந்தும் மறுக்காமல் இருப்பதுதானே பொறுமை? நிலத்தால் மறுக்க முடியாது. அதன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது தோண்டுகிறவருக்கு வசதியாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த இரண்டடியைத் தின்று வளர்ந்தவன் நான். டார்வினைத் தேடிப் படிக்கிற நேரமும் வசதியும் அந்தக் காசில் வந்தவை. நான் செய்ய முடிந்தது சின்னது. செம்மண் பை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பழைய தொட்டி மண்ணையே கொட்டி, உலர்த்தி, காய்கறித் தோலை மட்கவைத்துக் கலந்து திரும்பப் போடுகிறேன். கத்தரி சுமாராத்தான் காய்க்குது.

அப்பா இதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஆனால் வருடா வருடம் அந்த அரை ஏக்கரில் ஆட்டுக்கிடை போடுகிறார். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிறார். ஏரி வண்டல் கிடைத்தால் கொண்டுவந்து கொட்டுகிறார். 2015-ல் மண்வள அட்டைத் திட்டம் வந்த பிறகு மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடுவார்கள். எங்களுக்கு முதலில் வந்தது 0.28. போன தடவை 0.41.

"இன்னும் குறைவுன்னுதானப்பா போட்டிருக்கு" என்றேன்.

"உம் பொண்ணு காலத்துல அரையைத் தாண்டிரும்" என்று சொல்லிவிட்டு அட்டையை மடித்துப் பட்டாவோடு சேர்த்து வைத்தார்.